குடும்பத்தோடு ஒரு நாள் சென்னை: மெட்ரோவா, பறக்கும் ரயிலா, வெள்ளைப் பலகை பஸ்ஸா?

தேனியிலிருந்து அக்கா குடும்பம் வருகிறது என்றால் எங்கள் வீட்டில் முதல் பேச்சே வண்டியைப் பற்றித்தான். "ஒரு நாள் முழுசா சுத்திக் காட்டுடி. கார் மட்டும் வேண்டாம், பிள்ளைங்க ரயில்ல போகணும்னு ஒரே பிடியா நிக்குதுங்க" என்றாள் அக்கா போனில். பின்னாலிருந்து மாமாவின் குரல் கேட்டது: "ஏசி இருக்கணும்." இங்கே அம்மா முழங்காலைத் தடவிக்கொண்டே, "படி இல்லாம இருந்தா போதும்" என்றாள். என் வீட்டுக்காரர் வாயே திறக்கவில்லை. தினமும் மின்சார ரயிலில் கிண்டிக்குப் போய் வருகிற மனிதர். லீவு நாளில் ஏன் அதே வண்டி என்று அவர் கேட்காமல் கேட்டது எனக்குப் புரிந்தது.

ஆக, பெரியவர்கள் ஐந்து பேர், ஒன்பது வயதுப் பையன், நான்கு வயதுப் பெண். கிளம்புகிற இடம் குரோம்பேட்டை. ஒரே நாள்.

சென்னையில் இப்படி ஒரு நாளைக் கழிக்க மூன்று வழி உண்டு. மெட்ரோ, மின்சார ரயிலும் அதன் உறவான, தூண்கள் மேல் ஓடும் பறக்கும் ரயிலும், மாநகரப் பேருந்து. நான்காவதாகக் கால் டாக்சி இருக்கிறது. ஏழு பேருக்குப் பெரிய வண்டி எடுத்து, அண்ணா சாலையில் சிக்னலுக்குச் சிக்னல் நின்று, மெரினாவில் நிறுத்த இடம் தேடுவதற்குப் பேர் ஊர் சுற்றுவது இல்லை. அதை இங்கேயே விட்டுவிடுகிறேன்.

இந்த மூன்றையும் எல்லோரும் கட்டணத்தை வைத்தும் ஏசியை வைத்தும் ஒப்பிடுவார்கள். நானும் அப்படித்தான் செய்துகொண்டிருந்தேன். இரண்டு வருடத்துக்கு முன்னால், ஏசி இருக்கிறதே என்று அம்மாவையும் சின்ன மாமியாரையும் மெட்ரோவில் எழும்பூர் அருங்காட்சியகத்துக்குக் கூட்டிப்போனேன். பயணம் அருமை. ஆனால் மெட்ரோ நிலையம் ரயில் நிலையத்தின் ஒரு பக்கம், அருங்காட்சியகம் இருக்கும் பாந்தியன் சாலை இன்னொரு பக்கம். ஒரு கிலோமீட்டருக்குக் குறையாத நடை, மே மாத வெயில். போய்ச் சேர்ந்தால் கதவு பூட்டியிருந்தது. வெள்ளிக்கிழமை விடுமுறை என்பதை நான் பார்த்து வைக்கவில்லை. அன்றிலிருந்து எந்த வண்டியானாலும் நான் முதலில் கேட்பது ஒன்றுதான்: இறங்கிய பிறகு அம்மா எவ்வளவு தூரம் நடக்க வேண்டும்? ஏசியும் கட்டணமும் அப்புறம்.

முதலில் நாளை முடிவு செய்துவிடுங்கள். வண்டியைவிட அது முக்கியம். கலங்கரை விளக்கத்துக்குத் திங்கள் விடுமுறை. கிண்டி சிறுவர் பூங்கா, பாம்புப் பண்ணை, வண்டலூர் உயிரியல் பூங்கா மூன்றுக்கும் செவ்வாய். எழும்பூர் அருங்காட்சியகமும் கோட்டை அருங்காட்சியகமும் வெள்ளி. மிச்சம் இருப்பது புதன், வியாழன், சனி, ஞாயிறு. ஞாயிறு என்றால் மின்சார ரயில் எண்ணிக்கை குறையும், பராமரிப்பு வேலை என்று சில ரயில்களை ரத்தும் செய்வார்கள், மெரினாவில் ஊரே இருக்கும். எங்களுக்கு வியாழன் வாய்த்தது. வேலை நாள் என்பதால் காலை 8 முதல் 10 வரையும் மாலை 5.30க்கு மேலும் நெரிசலைத் தாங்க வேண்டியிருக்கும் என்பதையும் அப்போதே கணக்கில் சேர்த்துக்கொண்டோம்.

சரி, மெட்ரோ. இதைப் பற்றிக் குறை சொல்ல எனக்கு அதிகம் இல்லை. 2015 ஜூனில் கோயம்பேட்டிலிருந்து ஆலந்தூர் வரை ஓடத் தொடங்கியது, இப்போது விமான நிலையத்திலிருந்து விம்கோ நகர் வரை ஒரு தடம், சென்ட்ரலிலிருந்து கோயம்பேடு வழியாகப் பரங்கிமலை வரை இன்னொன்று, சேர்த்து 54 கிலோமீட்டர். நிலையங்களில் லிஃப்ட் இருக்கிறது, எஸ்கலேட்டர் இருக்கிறது, கழிவறை இருக்கிறது. குழந்தைகளோடும் வயதானவர்களோடும் போகிறவர்களுக்கு இந்தக் கடைசிச் சொல்லின் அருமை தெரியும். குறைந்தபட்சக் கட்டணம் 10 ரூபாய், அதிகபட்சம் 50. காலை 5 மணியிலிருந்து இரவு 11 வரை ஓடுகிறது, வண்டிக்காகக் காத்திருப்பதே தெரியாது.

ஆனால் டிக்கெட்டில் ஒரு சின்னச் சிக்கல் உண்டு. ரயிலில் 5 வயதுக்குக் கீழே இருந்தால் இலவசம், 5 முதல் 12 வரை அரை டிக்கெட். பேருந்திலும் 5 வயது வரை இலவசம். மெட்ரோவில் வயதே கிடையாது, உயரம்தான். 90 சென்டிமீட்டருக்குள், அதாவது மூன்று அடிக்குள் இருந்தால்தான் இலவசம். எங்கள் நான்கு வயதுக்காரி எல்லாக் குழந்தைகளையும் போல மூன்று அடியை எப்போதோ தாண்டிவிட்டாள். அரை டிக்கெட்டும் கிடையாது. எனவே மெட்ரோவில் ஏழு பேருக்கும் ஏழு முழு டிக்கெட். அக்கா இதைக் கேட்டதும், "ஏண்டி, மடியில உக்கார்றவளுக்கு முழு டிக்கெட்டா?" என்றாள். கைப்பேசியில் எடுத்தால் 20 சதவீதத் தள்ளுபடி என்று சமாதானம் சொன்னேன்.

மெட்ரோவின் உண்மையான குறை வேறு. அது ஊரைச் சுற்றிக் காட்ட வந்த வண்டி இல்லை. வேலைக்குப் போகிறவர்களையும் விமானம் பிடிக்கிறவர்களையும் மனதில் வைத்துப் போட்ட பாதை. மையப் பகுதி முழுவதும் நிலத்துக்கடியில் போகிறது. சைதாப்பேட்டை தாண்டியதும் சன்னலில் நம் முகம்தான் தெரியும். குழந்தைகள் ஐந்து நிமிடம் அதையும் ரசிப்பார்கள், ஆறாவது நிமிடம் கைப்பேசி கேட்பார்கள். மெரினாவுக்குப் பக்கம் என்று சொல்லும் அரசினர் தோட்டம் நிலையத்தில் இறங்கினால் கடற்கரைக்கு இன்னும் வாலாஜா சாலை முழுவதும் பாக்கி. மயிலாப்பூரில் இப்போதைக்கு மெட்ரோ கிடையாது. இரண்டாம் கட்டத்தில் கலங்கரை விளக்கத்திலிருந்து பூந்தமல்லி வரை ஒரு தடம் வருகிறது. அது முழுதாக ஓடும்போது இந்தக் கட்டுரையைத் தூக்கிப் போட்டுவிடலாம்.

விதிவிலக்கு சென்ட்ரல். அந்த நிலையத்தில் மேலே ஏறி வந்தால் போதும், நடக்கவே வேண்டாம். 1873இல் கட்டிய சிவப்பு சென்ட்ரல் ஒரு பக்கம், 1913இல் கட்டிய வெள்ளை ரிப்பன் மாளிகை எதிர்ப்பக்கம், அதற்குப் பக்கத்தில் விக்டோரியா பொது மண்டபம். மூன்றையும் ஒரே இடத்தில் நின்றபடி கழுத்தைத் திருப்பிப் பார்த்துவிடலாம். நகராட்சிக் கட்டடம் ஒன்று இத்தனை அழகாக இருக்க முடியுமா என்று மாமா கேட்டார். அவர் ஊரில் நகராட்சிக்கு வரி கட்டுகிற மனிதர், கேள்வியில் வேறு அர்த்தமும் இருக்கலாம்.

பேருந்துக்கு வருவோம். மூன்றில் மிகவும் மலிவு இதுதான். அதிலும் எங்களைப் போலப் பெண்கள் அதிகமாக இருக்கும் கூட்டத்துக்கு. 2021 மே மாதத்திலிருந்து சாதாரணக் கட்டணப் பேருந்தில், ஊர்மொழியில் வெள்ளைப் பலகை பஸ்ஸில், பெண்களுக்குக் கட்டணம் இல்லை. நடத்துநர் ஒரு சீட்டை மட்டும் கிழித்துக் கொடுப்பார். அம்மா, அக்கா, நான் மூவரும் கையை வீசிக்கொண்டு ஏற, வீட்டுக்காரரும் மாமாவும் சில்லறை தேடுவார்கள். பையனுக்கு அரை டிக்கெட். அக்காவுக்கு இந்த ஏற்பாடு தேனியிலேயே பழக்கம் என்பதால் ஆச்சரியப்படவில்லை. ஆனால் ஏறுவதற்கு முன் முகப்பைப் பார்க்க வேண்டும். சொகுசுப் பேருந்திலும் ஏசி பேருந்திலும் எல்லோருக்கும் டிக்கெட் உண்டு, அவசரத்தில் ஏறிவிட்டு அப்புறம் நடத்துநரோடு வாதாடிப் பயன் இல்லை.

பேருந்தின் பெரிய பலம் அது இடத்துக்கு மிகப் பக்கத்தில் இறக்கிவிடும் என்பது. ரயில் எட்டிப் பார்க்காத பெசன்ட் நகர் கடற்கரைக்குப் பெரம்பூரிலிருந்து 29சி போகிறது. வில்லிவாக்கத்திலிருந்து 27டி பட்டினப்பாக்கம் வரை போகிறது. பூந்தமல்லியிலிருந்து 25ஜி அண்ணா சதுக்கம் வந்து நிற்கிறது, இறங்கினால் மெரினா. இந்த எண்களெல்லாம் சென்னைக்காரர்களுக்குத் தெருப் பெயர் மாதிரி. நிறுத்தத்தில் நிற்கும் யாரிடமும், "இது அங்கே போகுமா?" என்று கேட்டால் மூன்று பேர் பதில் சொல்வார்கள், அதில் இரண்டாவது ஆள் முதல் ஆளைத் திருத்துவார்.

பலவீனம் ஏறுவதில் இருக்கிறது. பழைய பேருந்துகளின் முதல் படி உயரம். அம்மா ஒரு கையால் கம்பியைப் பிடித்து, இன்னொரு கையை என்னிடம் கொடுத்து, நல்ல காலை முன்னால் வைத்து, மூச்சுப் பிடித்து ஏறுவதற்குள் ஓட்டுநர் கண்ணாடியில் இரண்டு முறை பார்த்துவிடுவார். தாழ்தளப் பேருந்து வந்தால் இந்தக் கஷ்டம் இல்லை. 2025 ஜூன் இறுதியிலிருந்து புதிய மின்சாரப் பேருந்துகளும் ஓடுகின்றன, ஏறுவது சுலபம். ஆனால் நமக்கு வேண்டிய தடத்தில் நமக்கு வேண்டிய நேரத்தில் அது வரும் என்று நம்பி நிழல் இல்லாத நிறுத்தத்தில் ஏழு பேர் நிற்க முடியாது. ஏழு பேருக்கும் சேர்ந்தாற்போல் இடம் கிடைப்பதும் அபூர்வம். பிள்ளைகள் ஒரு பக்கம், பை ஒரு பக்கம். நாள் முழுவதையும் பேருந்தை நம்பிப் போடாதீர்கள். ஒரே ஒரு முறை, சரியான இடத்தில் ஏறினால் அதற்கு ஈடு எதுவும் இல்லை. எந்த இடம் என்று பிறகு சொல்கிறேன்.

இனி பறக்கும் ரயில். என் ஓட்டு இதற்குத்தான், கேட்பதற்கு முன்பே சொல்லிவிடுகிறேன்.

தெரியாதவர்களுக்கு: சென்னையின் மின்சார ரயில் 1931இலிருந்து பாரிமுனைப் பக்கம் இருக்கும் கடற்கரை நிலையத்துக்கும் தாம்பரத்துக்கும் இடையே ஓடுகிறது. பறக்கும் ரயில் அதற்கு வெகு காலம் கழித்து வந்தது. கடற்கரையிலிருந்து சேப்பாக்கம் வரை 1995இல், மயிலாப்பூர் வரை 1997இல், வேளச்சேரி வரை 2007இல். பெரும்பகுதி பக்கிங்காம் கால்வாயை ஒட்டி, தூண்கள் மேல் ஓடுகிறது. அதனால்தான் பறக்கும் ரயில். கால்வாயைக் கெடுத்துவிட்டார்கள் என்ற வருத்தம் பழைய சென்னைக்காரர்கள் பலருக்கு உண்டு, அது நியாயமும்கூட. ஆனால் மூன்றாம் மாடி உயரத்தில், ஏசி இல்லாத திறந்த சன்னலில், காற்று முகத்தில் அடிக்க ஊரைப் பார்த்துக்கொண்டே போவதற்குச் சென்னையில் வேறு வண்டி இல்லை.

நிலையங்களின் பெயரை வரிசையாகச் சொன்னாலே ஒரு நாள் திட்டம் தயார். கோட்டை, சேப்பாக்கம், திருவல்லிக்கேணி, கலங்கரை விளக்கம், முண்டகக்கண்ணி அம்மன் கோயில், திருமயிலை, கோட்டூர்புரம். சேப்பாக்கத்தில் கிரிக்கெட் மைதானம் சன்னலுக்குப் பக்கத்திலேயே வந்துவிடும். மாட்ச் இல்லாத நாளில்கூடப் பையன் எழுந்து நின்றான். பசுமை வழிச் சாலை தாண்டியதும் அடையாற்றின் மேல் பாலம். நடுவில் எல்லாம் மொட்டை மாடிகள். வற்றல் காயப்போட்ட மாடி, துணிக்கொடி, சின்டெக்ஸ் தொட்டிக்குப் பின்னால் ஒளிந்து போன் பேசும் பையன். தேனிப் பிள்ளைகளுக்கு மாடி புதிது இல்லை, மாடியை மேலேயிருந்து பார்ப்பது புதிது.

கட்டணம் சிரிப்பு வரவழைக்கும். குறைந்தபட்சம் 5 ரூபாய்தான். குரோம்பேட்டையிலிருந்து கடற்கரை போய், மாறி, மயிலாப்பூர் வரை ஒரே டிக்கெட், அதுவும் ஒரு காபி விலைக்குக் குறைவு. மாமாவின் ஏசி ஆசைக்கு இங்கேயும் வழி உண்டு. 2025 ஏப்ரலிலிருந்து கடற்கரை–செங்கல்பட்டுத் தடத்தில் ஏசி மின்சார ரயில் ஓடுகிறது, குறைந்தபட்சம் 35 ரூபாய். ஆனால் நாளுக்குச் சில முறைதான். நாங்கள் போன நேரத்துக்கு அது ஒத்துவரவில்லை, மாமா சன்னலோரத்தைப் பிடித்துக்கொண்டு சமாதானமானார்.

குறைகளைச் சொல்லாவிட்டால் நான் ரயில்வேக்கு விளம்பரம் எழுதுவதாகிவிடும். பறக்கும் ரயில் நிலையங்கள் பெரியவை, உயரமானவை, பல இடங்களில் ஆள் அரவம் குறைந்தவை. தண்ணீர் பாட்டிலும் பிஸ்கட்டும் கையில் இருக்க வேண்டும். லிஃப்டும் எஸ்கலேட்டரும் எப்போதும் ஓடும் என்று நம்பி அம்மாவைக் கூட்டிப்போக முடியாது, ஓடாத நாளில் மூன்று மாடி ஏறுவது போல. உச்சி நேரம் தவிர மற்ற நேரத்தில் வண்டிக்கு இருபது நிமிடம்கூட ஆகலாம். இருட்டிய பிறகு குழந்தைகளோடு அந்த நீண்ட வெறும் மண்டபங்களில் நிற்க எனக்கு விருப்பமில்லை. அதனால் என் கணக்கு இது: பகலில் பறக்கும் ரயில், மாலையில் வேறு.

இறங்கி நடக்கும் தூரம் என்று என் பழைய கேள்வியைக் கேட்டால் பறக்கும் ரயில் எளிதாக ஜெயிக்கிறது. திருமயிலையிலிருந்து கபாலீஸ்வரர் கோயில் பத்து நிமிடம், அம்மா நடைக்குப் பதினைந்து. கோட்டூர்புரத்திலிருந்து அண்ணா நூற்றாண்டு நூலகமும் நடக்கிற தூரம்தான். கலங்கரை விளக்கம் நிலையத்திலிருந்து நிஜக் கலங்கரை விளக்கம் இன்னொரு பத்துப் பன்னிரண்டு நிமிடம். இதே மூன்று இடத்துக்கும் மெட்ரோவில் போனால் ஒவ்வொரு முறையும் ஆட்டோ பிடித்தாக வேண்டும்.

அன்றைய நாளை அப்படியே சொல்லிவிடுகிறேன், ஒப்பீடு அதிலேயே தெரியும்.

காலை 9.15க்குக் குரோம்பேட்டையில் ஏறினோம். நெரிசல்தான். பெண்கள் பெட்டியில் நாங்கள் ஏறி ஆண்களைத் தனியே அனுப்பலாம் என்று அக்கா சொன்னாள், பிள்ளைகளைப் பிரிக்க மனம் வரவில்லை. கிண்டியில் பாதிக் கூட்டம் இறங்கியதும் எல்லோருக்கும் இடம். பறக்கும் ரயிலுக்குப் பூங்கா நகரிலோ கோட்டையிலோ மாறலாம். நாங்கள் கடைசி வரை, கடற்கரை வரை போனோம். காரணம் எளிது. பறக்கும் ரயில் கிளம்புவதே அங்கிருந்துதான், காலி வண்டியில் ஏறிச் சன்னலோரம் வேண்டியபடி உட்காரலாம். மேம்பாலமோ படியோ அங்கே மற்ற இடங்களைவிட அம்மாவுக்கு இலகுவாகவும் இருந்தது. வீட்டுக்காரர் அன்று சொன்ன முதல் வாக்கியம் இந்த யோசனைதான்.

நேரே மயிலாப்பூர். கோயில் நடை மதியம் 12.30 வாக்கில் சாத்திவிடுவார்கள், மறுபடி திறக்க 4 ஆகும். கடற்கரையை முதலில் முடித்துவிட்டு மதியம் கோயில் என்று திட்டம் போடுகிறவர்கள் எல்லோரும் கிழக்குக் கோபுர வாசலில் செருப்போடு நின்று திரும்புகிறார்கள். போன தடவை நாங்களும் நின்றோம். இந்த முறை 11 மணிக்கு உள்ளே. லஸ் பக்கம் மெட்ரோ வேலைக்காகத் தடுப்பு வைத்திருப்பதால் நடைபாதை குறுகல், குழந்தைகளின் கையை விடக் கூடாது. தரிசனம் முடித்து, மாட வீதிகளில் ஒரு சுற்று, கொலு பொம்மைக் கடையில் அக்கா இருபது நிமிடம். மதியச் சாப்பாடு அங்கேயே ஒரு மெஸ்ஸில். வாழை இலை, வத்தக்குழம்பு, இரண்டாம் ரசம் கேட்ட மாமா.

மதியம் 1 முதல் 3.30 வரை சென்னையில் வெளியே இருக்கக் கூடாது. இதை எந்த வண்டியும் மாற்றாது. பலர் அந்த நேரத்துக்கு மால் போவார்கள். நாங்கள் இரண்டு நிறுத்தம் தாண்டிக் கோட்டூர்புரம் போய் நூலகத்தில் நுழைந்தோம். 2010இல் திறந்த ஒன்பது மாடிக் கட்டடம். குழந்தைகளுக்குத் தனித் தளம், நடுவில் செயற்கை மரம், தரையில் உட்கார்ந்து படிக்கலாம், குளிர்சாதனம், கழிவறை, நுழைவுக் கட்டணம் கிடையாது. பைகளை வாசலில் வைத்துவிட வேண்டும், அதனால் தண்ணீரை முன்பே குடித்துவிடுங்கள். சின்னவள் அந்த மரத்தடியில் ஒரு படப் புத்தகத்தைத் தலைகீழாகப் பிடித்து முழுக்கப் படித்தாள். அம்மா நாற்காலியில் சாய்ந்து தூங்கினாள். மாமாவுக்கு ஏசி கிடைத்தது. அன்றைய நாளின் மிகச் சிறந்த இரண்டு மணி நேரம் என்று நான் சொன்னால் ஊர் சுற்றியதில் சேருமா என்று வீட்டுக்காரர் கேட்டார். சேரும். பக்கத்திலேயே பிர்லா கோளரங்கம் இருக்கிறது, பெரிய பிள்ளைகளாக இருந்தால் காட்சி நேரம் விசாரித்து அதையும் சேர்த்துக்கொள்ளலாம்.

3.30க்கு மறுபடி பறக்கும் ரயில், கலங்கரை விளக்கம். விளக்கை மூன்று மணிக்கு மறுபடி திறந்து ஐந்துக்குள் மூடிவிடுவார்கள், பிந்தக் கூடாது. இங்கே லிஃப்ட் உண்டு என்பதுதான் அம்மாவை மேலே கொண்டுபோன ஒரே காரணம். அந்த லிஃப்டுக்குப் பிறகும் கொஞ்சம் படி இருக்கிறது. அதை அவள் ஏறவில்லை, லிஃப்ட் விட்ட தளத்திலேயே நின்றுகொண்டாள். பையன் மேலே போய்விட்டு வந்து, வலப்பக்கம் சாந்தோம் சர்ச் கோபுரம், இடப்பக்கம் மணல் முடியவே இல்லை என்று அவளுக்கு அறிக்கை கொடுத்தான். பிறகு மணலில் ஒரு மணி நேரம். சுண்டல், மாங்காய், காலை நனைத்தது, உடை முழுவதும் நனைந்தது.

பேருந்துக்கு நான் சொன்ன இடம் இதுதான். கடற்கரைச் சாலையில் கலங்கரை விளக்க நிறுத்தத்தில் நின்று, பாரிமுனைப் பக்கம் போகும் பேருந்தில் ஏறி, இடப்பக்க சன்னலில் பாதிப் பேர், வலப்பக்கத்தில் பாதிப் பேர் உட்காருங்கள். வலப்பக்கம் முதலில் கடல். இடப்பக்கம் 1842இல் அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்த பனிக்கட்டியைச் சேர்த்துவைக்கக் கட்டிய ஐஸ் ஹவுஸ், இப்போது விவேகானந்தர் இல்லம். அடுத்து மாநிலக் கல்லூரி, சென்னைப் பல்கலைக்கழகத்தின் செனட் மண்டபம். எதிரே உழைப்பாளர் சிலை, அண்ணா நினைவிடம். நேப்பியர் பாலத்தில் கூவம் கடலைச் சேரும் இடம். அப்புறம் போர் நினைவுச் சின்னம், கோட்டை மதில், கடைசியாக உயர் நீதிமன்றத்தின் சிவப்புக் குவிமாடங்கள். மேல் குவிமாடத்தில் ஒரு காலத்தில் கலங்கரை விளக்கே இருந்தது என்று சொன்னபோது பையன் நம்பவில்லை. இந்த ஊரின் இருநூறு, முந்நூறு வருடக் கதை அரை மணி நேரப் பயணத்தில் இரண்டு சன்னலிலும் ஓடிவிடுகிறது, பெண்களுக்கு இலவசமாக. எந்தச் சுற்றுலா வண்டியிலும் இதைவிட அதிகம் காட்ட மாட்டார்கள். அம்மாவுக்கு ஏற உதவ ஒரு கல்லூரிப் பெண் கை கொடுத்தாள். முதல் பேருந்தில் கூட்டம், விட்டுவிட்டோம். இரண்டாவதில் எல்லோருக்கும் இடம் கிடைத்தது.

பாரிமுனையில் இறங்கும்போது 6.40. மின்சார ரயிலில் திரும்பினால் அதே நெரிசலில், தூங்கும் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு நிற்க வேண்டும். இங்கேதான் மெட்ரோ. உயர் நீதிமன்றம் நிலையத்தில் ஏறி விமான நிலையம் வரை 40 ரூபாய் டிக்கெட், ஏழு பேருக்கு 280, தள்ளுபடி போக 224. அன்று பயணத்துக்கு நாங்கள் செய்த பெரிய செலவு அதுதான். அதைக் கொடுக்கும்போது யாரும் முணுமுணுக்கவில்லை. சென்ட்ரலில் கூட்டம் ஏறுவதற்குள் உட்கார்ந்துவிட்டோம். நாள் முழுவதும் வெயிலில் அலைந்த ஏழு பேருக்கும் அந்தக் குளிர் அப்போதுதான் தேவைப்பட்டது. காலையில் அதை வாங்கியிருந்தால் வீண்.

மூன்றில் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும் என்றால் என் பதில் யார் கூட வருகிறார்கள் என்பதைப் பொறுத்து மாறும். சக்கர நாற்காலியோ கைக்குழந்தை வண்டியோ இருந்தால் யோசிக்கவே வேண்டாம், மெட்ரோ, சென்ட்ரல், மிச்சத்துக்கு ஆட்டோ. பிள்ளைகள் எட்டு வயதுக்கு மேல், பெரியவர்களுக்கு முழங்கால் நன்றாக இருக்கிறது என்றால் நாள் முழுக்கப் பறக்கும் ரயில். பேருந்து மட்டும் என்பது சென்னையைத் தெரிந்தவர் ஒருவர் கூட வந்தால் சரிவரும், வெளியூர்க்காரர்கள் தனியாக என்றால் வேண்டாம். வண்டலூர்தான் போக வேண்டும் என்று பிள்ளைகள் அடம்பிடித்தால் இந்த ஒப்பீடே தேவையில்லை. மின்சார ரயில் வண்டலூர் நிலையத்தில் நிற்கிறது, ஒரு நாளும் அதற்கே போய்விடும். மூன்று வண்டிக்கும் தனித்தனியாக டிக்கெட் வாங்கச் சலிப்பாக இருந்தால், 2025 செப்டம்பரில் வந்த சென்னை ஒன் செயலியில் ஒரே இடத்தில் எடுக்கலாம். எங்கள் வீட்டில் அதை இயக்கத் தெரிந்தவர் ஒன்பது வயதுக்காரர் மட்டும்தான்.

விமான நிலையத்தில் இறங்கி, ஜி.எஸ்.டி. சாலைக்கு அடியில் நடந்து, திரிசூலம் நடைமேடைக்கு வந்தோம். அங்கிருந்து பல்லாவரம், அடுத்தது குரோம்பேட்டை. ரயில் வர ஒன்பது நிமிடம் இருந்தது. தலைக்கு மேல் ஒரு விமானம் விளக்கைப் போட்டுக்கொண்டு இறங்கியது, பின்னாலேயே இன்னொன்று. தோளில் தூங்கிக்கொண்டிருந்த சின்னவள் சத்தத்துக்கு எழுந்தாள். அம்மா பெஞ்சில் உட்கார்ந்து செருப்பைக் கழற்றிக் காலை நீட்டினாள். "அடுத்த தடவை வெள்ளிக்கிழமை மட்டும் வச்சிராதே" என்றாள்.